ஹிரோஷிமா பூங்காவில் எதை வைப்பது, யாரை விடுவது

ஹிரோஷிமா அமைதி நினைவுப் பூங்காவைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் ஒரு கேள்வியை அடிக்கடி எதிர்கொள்வார்களாம். "நல்லவேளை, குண்டு ஒரு பூங்காவில் விழுந்தது. வீடுகள் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே மரங்களும் புல்வெளியும் அகலமான நடைபாதையுமாக அந்த இடம் இன்று அப்படித்தான் இருக்கிறது. எப்போதும் அப்படியே இருந்ததாகத்தான் தோன்றும்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8:15 வரை அங்கே நகாஜிமா என்ற பகுதி இருந்தது. துணிக்கடை, சினிமா கொட்டகை, விடுதி, மருத்துவர் வீடு, புத்தர் கோயில் என்று நெருக்கியடித்த ஊர். சுமார் 4,400 பேர் குடியிருந்தார்கள். அமெரிக்க விமானம் குறிவைத்தது இந்தத் தீவு முனையில் டி வடிவில் இருக்கும் ஐயோய் பாலத்தை. குண்டு கொஞ்சம் விலகி, ஒரு மருத்துவமனைக்கு நேர் மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. நகாஜிமாவில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. போர் முடிந்த பிறகு இடிபாடுகளைச் சமன்படுத்தி, மேலே மண்ணைக் கொட்டி, அதன்மீது பூங்காவை எழுப்பினார்கள். சுருக்கமாகச் சொன்னால், காலுக்கு அடியில் ஒரு ஊர் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. பூங்காவிலுள்ள அணுகுண்டு அருங்காட்சியகத்தின் பிரதான கட்டடத்தை நிலநடுக்கத்துக்கு ஏற்ப வலுப்படுத்தும் பணிக்காகத் தோண்டியபோது வீட்டு அடித்தளங்கள், பாட்டில்கள், கருகிய பாத்திரங்கள் எல்லாம் வெளியே வந்தன. அப்புறம் பூங்காவின் வேறொரு மூலையிலும் தோண்டி, கிடைத்ததை அதே இடத்தில் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். 2022-ல் திறந்த சின்னக் கட்டடம் அது. உள்ளே போனால் குனிந்துதான் பார்க்க வேண்டும். தெருவின் ஓரக்கல், ஒரு வீட்டின் சுவர் நின்ற கோடு, கரியாகிப்போன தத்தாமி பாய். பாயின் பின்னல் இன்னும் தெரிகிறது. அருங்காட்சியகத்துக்கு ஓடும் கூட்டத்தில் பாதிப்பேர் இதைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

நகாஜிமாவில் தப்பி நிற்கும் கட்டடம் ஒன்று உண்டு. இன்று சுற்றுலாத் தகவல் மையமும் ஓய்விடமுமாக இருக்கும் மூன்று மாடிக் கட்டடம். 1929-ல் கிமோனோ கடைக்காகக் கட்டியது. போர்க்காலத்தில் துணி வியாபாரம் படுத்ததும் எரிபொருள் பங்கீட்டு அலுவலகமானது. அன்று காலை அங்கே 37 பேர் இருந்தார்கள். எய்ஸோ நொமுரா என்ற 47 வயது ஊழியர் ஏதோ ஒரு காகிதத்தை எடுக்க அடித்தளத்துக்கு இறங்கியிருந்தார். வெடித்த இடத்திலிருந்து 170 மீட்டர்தான். அவர் பிழைத்து, 80 வயது தாண்டி வாழ்ந்தார். அந்த அடித்தளத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

சரி, இந்த இடத்தை ஏன் பூங்காவாக்கினார்கள்? துக்கம் மட்டும் காரணமல்ல, பணமும்தான். போருக்குப் பின் ஹிரோஷிமா நகராட்சியிடம் காசு இல்லை. வரி கட்டுகிறவர்கள் செத்துவிட்டார்கள் அல்லது ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். நகரத்தின் நல்ல நிலமெல்லாம் கலைக்கப்பட்ட ராணுவத்தின் பெயரில், அதாவது மத்திய அரசின் கையில் இருந்தது. மேயர் ஷின்ஸோ ஹமாய் டோக்கியோவுக்கு நடையாய் நடந்து ஒரு தனிச்சட்டத்துக்கு வழிசெய்தார். ஹிரோஷிமாவை அமைதி நினைவு நகரமாகக் கட்டியெழுப்பும் அந்தச் சட்டம், ஊர்மக்களின் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்று 1949 ஆகஸ்ட் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசு நிலத்தை நகராட்சிக்கு இலவசமாகத் தர முடிந்தது. 'அமைதி' என்ற சொல் அந்த ஊருக்குச் சோறும் போட்டது. இதைச் சொன்னால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும், எனக்கு அது அந்த ஊர்மீது மரியாதையைத்தான் கூட்டுகிறது.

அதே ஆண்டு நடந்த வடிவமைப்புப் போட்டியில் கென்ஸோ டாங்கே என்ற இளம் கட்டடக் கலைஞர் வென்றார். பள்ளிப் படிப்பின் ஒரு பகுதியை ஹிரோஷிமாவில் முடித்தவர். அவருடைய திட்டத்தின் உயிர்நாடி ஒரு நேர்கோடு. தூண்களின் மேல் தூக்கி நிறுத்திய அருங்காட்சியகம், அதற்கு நேரே நினைவு வளைவு, அதற்கு நேரே அமைதிச் சுடர், ஆற்றுக்கு அக்கரையில் குண்டில் இடிந்து நிற்கும் குவிமாடக் கட்டடம். வளைவின் முன்னால் நின்றால் அந்த எலும்புக்கூட்டுக் கட்டடம் வளைவுக்குள்ளே சட்டம் போட்டதுபோல் தெரியும். எல்லோரும் எடுக்கும் அந்தப் புகைப்படம் தற்செயலாக அமைந்ததல்ல, 1949-லேயே வரைந்து வைத்தது. இந்தக் கோட்டை இழுப்பதற்காக அங்கே தகரக் குடிசை போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள் காலிசெய்ய வேண்டியிருந்தது. அவர்களில் பலரும் குண்டுக்குத் தப்பியவர்கள்.

பூங்காவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். அங்கே நிலவும் அமைதி, எல்லாரும் ஒத்துப்போய் உண்டானதல்ல. ஏறக்குறைய ஒவ்வொரு கல்லும் சண்டை போட்டு வந்த கல். எதைக் காட்டுவது, யாரைச் சேர்ப்பது, யார் மன்னிப்புக் கேட்பது என்ற தகராறுகள் தெரிந்துவிட்டால், அழகாக வெட்டிவிட்ட புல்வெளி வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும்.

நினைவு வளைவையே எடுத்துக்கொள்வோம். அதை முதலில் வடிவமைத்தவர் டாங்கே அல்ல, இசாமு நொகுச்சி. தந்தை ஜப்பானியக் கவிஞர், தாய் அமெரிக்கர். உலகப்புகழ் பெற்ற சிற்பி. டாங்கேயே விரும்பி அழைத்தும், 1952-ல் அந்த வடிவத்தைக் குழு தள்ளிவிட்டது. குண்டு போட்ட நாட்டின் குடிமகன் கையால் நினைவுச்சின்னமா என்ற எண்ணம்தான் அதற்குப் பின்னால் இருந்தது என்பது பரவலாகச் சொல்லப்படுவது. நொகுச்சிக்கு மிஞ்சியது பூங்காவுக்கு இருபுறமும் உள்ள அமைதிப் பாலங்களின் கைப்பிடிச் சுவர்கள். அந்தப் பாலங்களில் நடக்கிறவர்கள் அவர் கைவேலையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார்கள். டாங்கே அவசர அவசரமாக இன்னொன்றை வரைந்தார். பழங்கால ஜப்பானியக் கல்லறைகளில் கிடைக்கும் சுடுமண் வீட்டின் கூரை வடிவம். இறந்தவர்களுக்கு மழை படாமல் ஒரு கூரை.

கூரைக்குக் கீழே ஒரு கல் பேழை. அதற்குள் பெயர்ப் பதிவேடுகள். ஒவ்வொரு ஆகஸ்ட் 6 அன்றும் அந்த ஓராண்டில் இறந்தவர்களின் பெயர்களைத் தூரிகையால் எழுதிச் சேர்க்கிறார்கள். 2025-ல் மொத்தம் 3,49,246 பெயர்கள். இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1945 இறுதிக்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 என்பதே மதிப்பீடு. அதற்குப் பின்னால் எந்த வயதில் எந்தக் காரணத்தால் இறந்தாலும், குண்டுக்கு ஆளானவர் என்றால் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதும் பெயர் சேரும். பட்டியல் நீண்டுகொண்டே போவது அதனால்தான். பெயரே தெரியாமல் போனவர்களுக்கென்று ஒரு தனி ஏடும் உண்டு. வருடம் ஒருமுறை மே மாதத்தில் இந்த ஏடுகளையெல்லாம் வெளியே எடுத்து, பூச்சி அரிக்காமல் காற்றாட விடுகிறார்கள்.

பேழையின் முகப்பில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. நிம்மதியாக உறங்குங்கள், தவறு மீண்டும் நடக்காது என்பது அதன் சாரம். எழுதியவர் ஹிரோஷிமா பல்கலைக்கழகப் பேராசிரியர் ததாயோஷி சைக்கா. யாருடைய தவறு, யார் வாக்குக் கொடுக்கிறார்கள் என்று அந்த வரி சொல்லவில்லை. திறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1952 நவம்பரில் ஒரு இந்தியர் வந்து அதன் முன்னால் நின்றார். டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட ஜப்பானியத் தலைவர்கள் எல்லோரையும் விடுவிக்க வேண்டுமென்று தனித்தீர்ப்பு எழுதிய வங்காள நீதிபதி ராதாபினோத் பால். குண்டைப் போட்டது ஜப்பானியர் கை அல்லவே, அவர்கள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவர் கேள்வி. சைக்கா விடவில்லை. இது மனிதகுலம் முழுவதன் தவறு, முன்னால் நிற்கிற ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியது என்று பாலுக்குக் கடிதம் எழுதினார். நகராட்சியும் அந்த விளக்கத்தையே பிடித்துக்கொண்டு 1983-ல் பக்கத்தில் ஒரு பலகையும் வைத்தது. பலகை வைத்தால் சண்டை நிற்குமா? 2005 ஜூலையில் ஒருவர் உளியும் சுத்தியுமாக வந்து 'தவறு' என்ற எழுத்தை மட்டும் கொத்திச் சிதைத்துவிட்டுப் போனார்.

என் பார்வையில் பால் சொன்னதில் பாதிதான் சரி. குண்டைப் போட்ட நாட்டின் பெயரே வராமல் ஒரு நினைவுச்சின்னம் என்பது விசித்திரம்தான். ஆனால் ஹிரோஷிமா வெறும் பாவப்பட்ட ஊர் மட்டுமல்ல. 1894-ல் சீனாவோடு போர் தொடங்கியபோது ஜப்பானியப் பேரரசர் தன் போர்த் தலைமையகத்தை இந்த ஊருக்கே மாற்றினார். உஜினா துறைமுகத்திலிருந்துதான் படைகள் கப்பலேறின. 1945-லும் தென்மேற்கு ஜப்பானின் பாதுகாப்புக்கான படைத் தலைமையகம் இங்கேதான். அருங்காட்சியகம் இதைச் சொல்லத் தொடங்கியது வெகு தாமதமாக. 1980-களின் பிற்பகுதியில் சில குடிமக்கள் அமைப்புகள், ஜப்பான் மற்றவர்களுக்குச் செய்ததையும் காட்ட வேண்டும் என்று கேட்டபோது எதிர்ப்பு பலமாக எழுந்தது. 1994-ல் கிழக்குக் கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்தபோதுதான் படைநகரமாக இருந்த வரலாறு ஓரளவு இடம்பிடித்தது.

அதைவிட வெளிப்படையான ஓரங்கட்டல் கொரியர்களுக்கு நடந்தது. அன்று கொரியா ஜப்பானின் காலனி. பிழைப்பு தேடி வந்தவர்களும், கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்டவர்களுமாக பல்லாயிரக்கணக்கான கொரியர்கள் ஹிரோஷிமாவில் இருந்தார்கள். இறந்த கொரியர்கள் 20,000 பேர் என்கிறது அவர்களுடைய நினைவுக்கல். அந்தக் கல்லை 1970-ல் எழுப்பியபோது அது பூங்காவுக்குள் இல்லை. ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம், பாலத்தின் ஓரம். பூங்காவில் இனி புதுச் சின்னங்களுக்கு இடமில்லை என்று நகராட்சி கைவிரித்தது. கொரிய அரச குடும்பத்து இளவரசர் ஒருவர் ராணுவ அதிகாரியாக இருந்து குண்டில் அடிபட்டார், அவர் கண்டெடுக்கப்பட்ட இடம் அதுதான் என்ற காரணமும் சொல்லப்பட்டது. செத்த பிறகும் பாகுபாடா என்ற கேள்வி ஏறத்தாழ முப்பது வருடம் ஓடியது. 1999-ல்தான் கல் உள்ளே வந்தது. ஆமை முதுகில் நிற்கும் கல்தூண், கண்டுபிடிப்பது எளிது. 2023-ல் ஜி-7 மாநாட்டின்போது ஜப்பான் பிரதமரும் தென்கொரிய அதிபரும் சேர்ந்து அதன் முன் தலைவணங்கினார்கள்.

அந்தக் கல்லிலிருந்து கொஞ்ச தூரத்தில் புல் மூடிய ஒரு மேடு இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதிகம் நிற்பதில்லை. அந்தப் பகுதியில்தான் குண்டு விழுந்த பிறகு பிணங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். மேட்டுக்குக் கீழே சுமார் 70,000 பேரின் சாம்பல். அதில் 800-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் தெரியும், வாங்கிக்கொள்ள ஆள்தான் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் நகராட்சி அந்தப் பெயர்களைச் சுவரொட்டியாக அச்சடித்து ஊர் ஊராக அனுப்புகிறது. குடும்பமே மொத்தமாகப் போய்விட்டால் யார் வருவார்கள்?

குவிமாடம் உலகத்துக்கே தெரியும். அதையும் இடித்துவிடலாம் என்றுதான் ஊரில் பலர் சொன்னார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. செக் நாட்டவரான யான் லெட்ஸெல் வடிவமைத்து 1915-ல் கட்டிய வணிகக் காட்சிக்கூடம் அது. குண்டு ஏறத்தாழ தலைக்கு மேலே வெடித்ததால் அழுத்தம் செங்குத்தாக இறங்கி, சுவரின் ஒரு பகுதி சாயாமல் நின்றது. உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று கேட்டவர்களும் குண்டுக்குத் தப்பியவர்கள்தான். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. காப்பாற்றுவதற்குச் செலவாகும் என்று நகராட்சியும் தயங்கியது. 1960-ல் ரத்தப்புற்றுநோயால் இறந்த ஒரு மாணவியின் நாட்குறிப்பு, இந்தக் கட்டடம் ஒன்றுதான் அணுகுண்டின் கொடுமையைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்ற பொருளில் எழுதியிருந்தது. அதைப் படித்த பிள்ளைகள் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். 1966-ல் நகர மன்றம் கட்டடத்தைக் காப்பது என்று முடிவெடுத்தது. முன்னால் தயங்கிய மேயர் ஹமாயே டோக்கியோ தெருவில் நின்று நன்கொடை கேட்டார். இலக்கு 4 கோடி யென், சேர்ந்தது 6 கோடிக்கும் மேல். 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கும்போது அமெரிக்கா அந்த முடிவிலிருந்து விலகி நின்றது, சீனாவும் தன் ஆட்சேபத்தைப் பதிவுசெய்தது. ஜப்பான் தன்னை வெறும் பாதிக்கப்பட்ட நாடாகக் காட்டிக்கொள்ளும் என்பது சீனாவின் கவலை.

காகிதக் கொக்குகள் தொங்கும் சிறுவர் நினைவுச்சின்னத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நோய்ப்படுக்கையில் கொக்கு மடித்த சிறுமி சடாகோ சசாகியின் கதை பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். வருடத்துக்கு ஒரு கோடி கொக்குகள், சுமார் 10 டன் எடை வந்து குவிகிறது. வைக்க இடமில்லாமல் இப்போது மறுசுழற்சிக்கு அனுப்பிக் காகிதமாக்குகிறார்கள்.

அருங்காட்சியகத்துக்கு நேரம் ஒதுக்கித்தான் போக வேண்டும். கட்டணம் 200 யென், கூட்டமோ தாங்காது. 2024 நிதியாண்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். காலையில் சீக்கிரம் நுழைய இணையத்தில் முன்பதிவு செய்துகொள்வது உத்தமம். அங்கேயும் ஒரு சண்டை நடந்தது. தோல் உரிந்து தொங்க, கைகளை முன்னால் நீட்டி நடக்கும் உருவ பொம்மைகள் பல வருடம் அங்கே இருந்தன. 2017-ல் அவற்றை எடுத்துவிட்டார்கள். கொடுமையை மறைக்கிறீர்கள் என்று ஒரு தரப்பு, அன்று நாங்கள் பார்த்தது இதைவிட மோசம், பொம்மை அதைக் குறைத்துத்தான் காட்டுகிறது என்று இன்னொரு தரப்பு. கடைசியில் நிஜப் பொருள்களை மட்டும் வைப்பது என்று முடிவாகி, 2019-ல் பிரதான கட்டடம் மறுபடி திறந்தது. முடிவு சரியென்றே எனக்குப் படுகிறது. காரணம், உள்ளே இருக்கும் ஒரு மூன்று சக்கர சைக்கிள்.

அது ஷின் என்று வீட்டில் கூப்பிட்ட, நான்கு வயது நிறையாத பையனுடையது. வெடித்த இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில், வீட்டு வாசலில் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று இரவே இறந்துபோனான். இவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியாக ஒரு கல்லறையில் விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கொல்லையிலேயே சைக்கிளோடு புதைத்தார். நாற்பது வருடம் கழித்து, 1985-ல் தோண்டி எடுத்து எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றினார். சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இருக்கையும் கைப்பிடியும் துருவேறிக் கிடக்கும் அதன் முன்னால் பொம்மைக்கு என்ன வேலை?

சுற்றிலும் உள்ள கிழிந்த சீருடைகளும் சாப்பாட்டு டப்பாக்களும் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பள்ளிப் பிள்ளைகளுடையவை. விமானத் தாக்குதலில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து வெட்டவெளி உண்டாக்கும் வேலைக்கு அரசாங்கம் அவர்களை இறக்கியிருந்தது. திறந்த வெளியில் நின்றதால் சுமார் 6,000 பிள்ளைகள் இறந்தார்கள். அவர்கள் இடித்துக்கொண்டிருந்த இடங்களில் ஒன்றுதான் பூங்காவின் தெற்கே ஓடும் 100 மீட்டர் அகலமுள்ள அமைதிச் சாலை. இங்கே குற்றவாளி யார் என்று கேட்டால் பதில் ஒரு நாட்டோடு முடியாது.

இந்தியர்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஒன்றும் அருங்காட்சியகத்தில் உண்டு. 1968 முதல், எந்த நாடு அணுகுண்டுச் சோதனை நடத்தினாலும் ஹிரோஷிமா மேயர் ஒரு கண்டனக் கடிதம் அனுப்புவது வழக்கம். அனுப்பிய கடிதங்கள் 600-ஐத் தாண்டிவிட்டன. நகல்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரான்சும் சீனாவும் பெற்ற வரிசையில், 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு இந்தியப் பிரதமருக்கும் ஒன்று போனது, அதே மாதம் பாகிஸ்தானுக்கும். காந்தி சிலை ஒன்றை இந்தியா பரிசாகத் தந்து, பூங்காவுக்கு அருகே ஆற்றங்கரையில் 2023 மே மாதம் பிரதமர் மோடி திறந்துவைத்தார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

தகராறுகள் பழங்கதை ஆகிவிடவில்லை. 2023-ல் இந்தப் பூங்காவும் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் நினைவிடமும் சகோதரப் பூங்காக்கள் என்று ஒப்பந்தம் போட்டன. கடற்படைத் தளத்தின் மீதான தாக்குதலையும் ஒரு நகரத்தின் மீதான அணுகுண்டையும் எப்படி ஒரே தட்டில் வைக்கலாம் என்று தப்பியவர்களின் அமைப்புகள் கொதித்தன. அவர்களின் எண்ணிக்கையும் கரைந்து வருகிறது. 2025 மார்ச்சில் ஜப்பானில் உயிரோடிருந்த அணுகுண்டுப் பாதிப்பாளர்கள் முதன்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே போனார்கள், சராசரி வயது 86. அவர்கள் சொன்னதைக் கேட்டுப் பழகி, அவர்கள் இடத்தில் நின்று சொல்வதற்கென்று 2012 முதல் நகராட்சி ஆள்களைப் பயிற்றுவிக்கிறது. அருங்காட்சியகத்தில் அவர்கள் பேசுவதைக் கேட்கலாம்.

ஆகஸ்ட் 6 நினைவுநாள் நிகழ்ச்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதும் தலைவலியாகிவிட்டது. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவையும் பெலாருஸையும் நகராட்சி அழைக்கவில்லை. 2024-ல் காசாவில் போர் நடந்துகொண்டிருக்க இஸ்ரேலுக்கு மட்டும் அழைப்புப் போனதும், இது என்ன நியாயம் என்று கேள்வி கிளம்பியது. 2025-ல் ஹிரோஷிமா ஒரு வழி கண்டுபிடித்தது. இனி யாருக்கும் அழைப்பிதழ் கிடையாது, இன்ன தேதியில் நிகழ்ச்சி என்று எல்லா நாட்டுக்கும் தகவல் மட்டும் அனுப்பப்படும், வருவதும் வராததும் அவரவர் விருப்பம். அந்த வருடம் 120 நாடுகளும் பிரதேசங்களும் வந்தன, பாலஸ்தீனமும் தைவானும் முதன்முறையாக. ரஷ்யா வரவில்லை.